காந்தமானிக்கு இடம் தேடுதல்

சொந்தக் கைகளால் சிறு விமானம் ஒன்றைக் கட்டும் ஒருவருக்கு, எஞ்சின் எங்கே அமர வேண்டும், எரிபொருள் தொட்டி எங்கே இருக்க வேண்டும், விமானியின் ஆசனம் எவ்வளவு பின்தள்ளி இருக்க வேண்டும் என்பவற்றையெல்லாம் வரைபடம் தயாரித்தவரே நிர்ணயித்துக் கொடுத்துவிடுகிறார். ஆனால் உள்ளங்கையில் அடங்கிவிடுகின்ற, எடையென்று சொல்லும்படி எதுவுமில்லாத காந்தமானி என்னும் சாதனத்துக்கு மட்டும் அவர் பெரும்பாலும் இடம் குறிப்பதில்லை. கட்டுகிறவரும் அதைக் கடைசியில் வாங்கி, எந்த மூலையில் கை எளிதாகப் போகிறதோ அந்த மூலையில் நான்கு திருகாணிகளால் இறுக்கிவிட்டு, விமானம் பறக்கத் தொடங்கிய பிறகு திசை ஏன் தவறாகக் காட்டுகிறது என்று மாதக்கணக்கில் ஆராய்ந்துகொண்டிருப்பார். இறக்கைகளின் தோல் மூடப்படுவதற்கு முன்பே இந்த இடத்தை யோசித்து முடிவு செய்துவிட வேண்டும் என்பது என் அபிப்பிராயம். பிறகு செய்யலாம் என்று ஒத்திவைத்தால், ஓர் இரவு வேலையாக முடிய வேண்டியது ஒரு பருவத்து வேலையாக வளர்ந்துவிடும்.

இக்காலத்துச் சிறு விமானங்களில் பழைய சுழல் கருவிகளின் வட்ட முகங்கள் மறைந்து, ஒரே கண்ணாடித் திரையில் அடிவானமும் உயரமும் வேகமும் திசையும் ஒருங்கே காட்டப்படுகின்றன. அத்திரைக்குப் பின்னால் இருக்கும் ஜைரோக்கள் விமானம் எவ்வளவு திரும்பியது என்பதை நொடிக்கு நொடி அளந்து சொல்லும். ஆனால் எந்தத் திசையிலிருந்து திரும்பத் தொடங்கியது என்பது அவற்றுக்குத் தெரியாது. அன்றியும், சற்று நேரத்தில் அவற்றின் கணக்கு மெல்ல வழுவிப்போகும். வடக்கு எது என்று அவற்றுக்கு ஓயாமல் நினைவூட்டும் பொறுப்பு காந்தமானியுடையது. அது பொய் சொன்னால் திரையில் உடனே ஒன்றும் கவிழ்ந்துவிடாது என்பதே இத்தோஷத்தின் விசேஷம். அடிவானம் நேராகவே நிற்கும், உயரம் சரியாகவே இருக்கும். ஆனால் தானியங்கி ஓட்டி குறித்த திசையைவிட்டுச் சற்று ஒதுங்கிப் பறக்கும். திரையின் மூலையில் காட்டப்படும் காற்றின் அம்புக்குறியோ, கிழக்கு நோக்கிப் பறக்கையில் ஒரு பக்கமும் மேற்கு நோக்கித் திரும்பியதும் வேறொரு பக்கமும் காட்டும். காற்றுவேகத்தையும் திசையையும் செயற்கைக்கோள் தரும் தரைப்பாதையோடு ஒப்பிட்டே அந்த அம்பு கணக்கிடப்படுகிறது; ஆகையால் பத்து நிமிஷத்துக்குள் இயற்கைக் காற்று தலைகீழாக மாறியதாகத் திரை சொன்னால், ஐயுற வேண்டியது காந்தமானியைத்தான்.

அது அளக்க முயலும் பொருள் எவ்வளவு நலிந்தது என்பதை முதலில் மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். பூமியின் காந்தப் புலம் இடத்துக்கு இடம் ஏறத்தாழ 25 முதல் 65 மைக்ரோடெஸ்லா வரை வேறுபடுகிறது. அதிலும் திசையைக் காட்டப் பயன்படுவது முழுப் புலமன்று, அதன் கிடைக்கூறு மட்டுமே. சொந்தமாக விமானம் கட்டுவோரிடையே மிகுந்த புகழ்பெற்ற ஆர்.வி. வரிசை விமானங்களை வழங்கும் வான்ஸ் நிறுவனம் அமைந்துள்ள அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில், காந்தப் புலம் ஏறத்தாழ 67 பாகை சரிவாகத் தரைக்குள் பாய்கிறது. அதனால் 50 மைக்ரோடெஸ்லாவுக்குச் சற்று மிகுந்த முழுப் புலத்தில் கிடைக்கூறாக எஞ்சுவது 20 அளவே. அந்த 20-க்குக் குறுக்காக ஒரு மைக்ரோடெஸ்லாவின் மூன்றில் ஒரு பங்கு அந்நியப் புலம் சேர்ந்தாலும் திசை ஒரு பாகை பிழைபடும். காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்கோடியை ஒட்டிச் செல்வதால் திருநெல்வேலிச் சீமையில் புலம் கிட்டத்தட்டக் கிடையாகவே ஓடுகிறது. அங்கே கிடைக்கூறு 40-ஐ ஒட்டியிருக்கும். ஆரிகனில் பத்துப் பாகை பிழை உண்டாக்கும் அதே இரும்புத் துண்டு அங்கே ஐந்து பாகையே உண்டாக்கும். வடநாடுகளில் விமானம் கட்டுவோர் இவ்விஷயத்தில் நம்மைவிட இருமடங்கு எச்சரிக்கையாக இருக்க வேண்டியிருப்பதன் காரணம் இதுதான்.

இந்தப் பிரச்சினை விமானத்தோடு பிறந்ததன்று. 1801 முதல் 1803 வரை ஆஸ்திரேலியக் கரையை அளந்த மாத்யூ ஃபிளிண்டர்ஸ், கப்பல் முகம் திரும்பத் திரும்ப அதன் திசைகாட்டியின் பிழையும் மாறுவதைக் கவனித்துக் குறித்தார். இரும்புக் கப்பல்கள் தோன்றியபோது இத்தொல்லை பன்மடங்காகப் பெருகியது. இங்கிலாந்தின் அரச வானியலாளராக இருந்த ஜார்ஜ் ஏரி, 1838-இல் ரெயின்போ என்னும் இரும்புக் கப்பலில் பரீட்சைகள் நடத்தி, திசைகாட்டியின் அருகே காந்தங்களையும் மெல்லிரும்புத் துண்டுகளையும் தக்க இடங்களில் வைத்துப் பிழையைச் சமன்செய்யும் முறையை வகுத்தார். கணக்கு நேர்த்தியானது, ஆனால் 1854 ஜனவரியில் டெய்லர் என்னும் புதிய இரும்புக் கப்பல், லிவர்பூலிலிருந்து புறப்பட்ட சில நாட்களுக்குள்ளேயே அயர்லாந்தின் லாம்பே தீவில் மோதி முந்நூறுக்கும் மேற்பட்ட உயிர்களைப் பலிகொண்டபோது, அதன் திசைகாட்டிகள் பிழையாகக் காட்டியதும் காரணங்களுள் ஒன்றாகப் பேசப்பட்டது. ஆர்க்டிக் கடல்களில் பழுத்த அனுபவமுடைய வில்லியம் ஸ்கோர்ஸ்பி, கடலலைகளின் மோதலில் கப்பலின் காந்தத் தன்மையே மாறிவிடும், ஆகையால் துறைமுகத்தில் செய்த சமன்செய்தலை நடுக்கடலில் நம்பலாகாது என்று வாதிட்டார். இரும்பிலிருந்து விலகிப் பாய்மரத்தின் உச்சியில் ஒரு திசைகாட்டியை வைத்து அதனோடு ஒப்பிட்டுக்கொள்வதே மெய்யான பரிகாரம் என்பது அவர் சொன்ன யோசனை. முதுமையையும் பொருட்படுத்தாமல் 1856-இல் ராயல் சார்ட்டர் கப்பலில் ஆஸ்திரேலியாவுக்கே சென்று அதைச் சோதித்தும் பார்த்தார். ஏரி கணக்கை நம்பினார்; ஸ்கோர்ஸ்பி இடத்தை நம்பினார். இருவரும் தத்தம் அளவில் சரியே; எனினும் இந்த அத்தியாயத்தை எழுதுபவன் ஸ்கோர்ஸ்பியின் கட்சி என்பதை வாசகர் இப்போதே தெரிந்துகொள்ளலாம்.

ஏன் என்றால், விமானத்தில் காந்தமானியைக் கெடுக்கும் தோஷங்கள் இரண்டு ஜாதி. முதலாவது ஸ்திரமானது: விமானத்தோடு பிணைந்து, அதனோடு கூடவே திரும்பி, நேற்று எப்படி இருந்ததோ அப்படியே இன்றும் இருக்கும் இரும்பு. அதில் தானே காந்தமாகிவிட்ட எஃகு ஒருவகை. தனக்கென்று காந்தமில்லாமல் பூமியின் புலத்தை மட்டும் வளைத்துவிடும் மெல்லிரும்பு மற்றொருவகை. முன்னது விமானம் ஒரு முழுச் சுற்றுத் திரும்புகையில் பிழையை ஒருமுறை ஏற்றி ஒருமுறை இறக்கும். பின்னது இருமுறை ஏற்றி இருமுறை இறக்கும். இவ்விரண்டையும் இன்றைய சாதனங்கள் தரையில் ஒருமுறை சுற்றிக் காட்டியதும் தாமே கணக்கிட்டுக் கழித்துக்கொள்கின்றன. இரண்டாவது ஜாதி சலிப்பது: கட்டுப்பாட்டுத் தண்டோடு நகரும் எஃகு, விசையைத் தட்டியதும் பாயும் மின்சாரம், மோட்டார் ஓடும்போது எழுந்து நின்றதும் மறையும் புலம். இவற்றுக்கு எந்தக் கணக்கும் இல்லை. ஏனெனில் இந்தக் கணத்தில் எந்த விளக்கு எரிகிறது, எய்லரான் எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்பது காந்தமானிக்குத் தெரியாது. ஆகவே நல்ல இடம் என்பது இரும்பே இல்லாத இடமன்று; அப்படி ஓர் இடம் சிறு விமானத்தில் கிடைப்பது துர்லபம். மாறுகின்ற எதுவும் எட்டாத இடமே நல்ல இடம். மனை வாங்கப் போகிறவன் மனையைக் காட்டிலும் அண்டை வீட்டாரை அதிகமாக விசாரிப்பதுபோல, நீங்களும் அந்த மூலையைப் பற்றியல்ல, அதைச் சுற்றி யார் குடியிருக்கிறார்கள் என்பதைப் பற்றியே விசாரிக்க வேண்டும்.

அண்டை வீட்டாரின் தொல்லை தூரத்தோடு எவ்வாறு குறைகிறது என்பதில் ஒரு நல்ல செய்தியும் ஒரு கெட்ட செய்தியும் உண்டு. நல்ல செய்தி: மோட்டார், சர்வோ, ஒலிபெருக்கி, காந்தமேறிய போல்ட் முதலிய சிறு பொருள்களின் புலம் தூரத்தின் முப்படி விகிதத்தில் தேய்கிறது. ஒரு சர்வோ 30 சென்டிமீட்டரில் 4 மைக்ரோடெஸ்லா உண்டாக்கினால், 60 சென்டிமீட்டரில் அரை மைக்ரோடெஸ்லாவே உண்டாக்கும். 120 சென்டிமீட்டரில் அது அநேகமாக இல்லாததே. கெட்ட செய்தி: நீண்டு ஓடும் ஒற்றை மின்கம்பியின் புலம் அவ்வளவு வேகமாகத் தேய்வதில்லை, தூரம் இரட்டித்தால் அது பாதியாகுமே தவிர எட்டிலொன்று ஆகாது. ஒரு மீட்டர் தொலைவில் ஓடும் ஓர் ஆம்பியர் 0.2 மைக்ரோடெஸ்லா தரும். பிட்டோ குழாயைச் சூடாக்க 8 ஆம்பியர் கொண்டுசெல்லும் கம்பி காந்தமானிக்கு அரை மீட்டர் அருகே ஓடினால் 3.2 மைக்ரோடெஸ்லா, ஆரிகனின் 20-க்குக் குறுக்கே அது விழுந்தால் திசை ஒன்பது பாகை சாய்ந்துவிடும். மேகத்துக்குள் நுழையும்போதுதான் பிட்டோவின் சூட்டை விமானி முடுக்குகிறார் என்பதையும், மேகத்துக்குள்தான் திசை அவருக்கு மிகவும் அவசியம் என்பதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள்.

சாதனத்தோடு வரும் கையேட்டில் எந்தப் பொருளிலிருந்து எவ்வளவு விலக வேண்டும் என்று ஓர் அட்டவணை இருக்கும். மோட்டார்களிலிருந்தும் சர்வோக்களிலிருந்தும் ஏறத்தாழ 3 மீட்டர், தரைச்சக்கரக் கால் போன்ற கனத்த எஃகிலிருந்து அதைவிடச் சற்றுக் குறைவு, 100 மில்லியாம்பியருக்கு மேல் செல்லும் கம்பியிலிருந்து ஒரு மீட்டர் என்ற அளவில் அவை அமையும். அவற்றை முழுதும் நிறைவேற்றுவது இருவர் அமரும் விமானத்தில் இயலாத காரியம். உடல் நீளமே ஆறேழு மீட்டர் இருக்கும் ஒன்றில் எல்லாவற்றிலிருந்தும் மூன்று மீட்டர் விலகிப் போனால் விமானத்துக்கு வெளியேதான் நிற்க வேண்டும். பெரிய விமானங்களில் சிலர் மெய்யாகவே அப்படித்தான் செய்தார்கள்: நீர்மூழ்கிகளைத் தேடும் ஓரியன் விமானத்தின் வாலுக்குப் பின்னால் கொடுக்குப் போல நீண்டிருக்கும் குழாயின் காரியமே, உள்ளிருக்கும் காந்தமானியை விமானத்தின் உலோகத்திலிருந்து விலக்கி வைப்பதுதான். நமக்கு அந்தச் சௌகரியம் இல்லாததால், அட்டவணையைச் சட்டமாகக் கொள்ளாமல் இடங்களை ஒப்பிடும் தராசாகக் கொள்வதே விவேகம்.

ஆர்.வி. போன்ற அலுமினிய விமானத்தில் உண்மையில் போட்டியிடும் இடங்கள் இரண்டே: சாமான் அறைக்குப் பின்னால் உள்ள வால்கூம்பும், இறக்கையின் நுனியும். எஞ்சின் அறையையும் கருவிப் பலகையையும் பற்றிப் பேசவே வேண்டாம்.

வால்கூம்பின் கவர்ச்சி வெளிப்படையானது. எஞ்சினிலிருந்து தூரம், அலுமினியத் தகடுகள், கம்பி இழுப்பதும் எளிது, ஜைரோப் பெட்டிக்கும் அதுவே பொருத்தமான இடம் ஆதலால் சில தயாரிப்பாளர்கள் இரண்டையும் ஒரே பெட்டியில் அடைத்து அங்கேயே வைக்கச் சொல்கிறார்கள். ஆனால் அந்த இருட்டுக்குள் கைவிளக்கோடு தலையை நீட்டிப் பார்ப்பவருக்கு அங்கே குடியிருப்போர் ஒவ்வொருவராகத் தென்படுவார்கள். எலிவேட்டரை இயக்கும் தானியங்கி ஓட்டியின் சர்வோ பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. சுக்கானுக்குச் செல்லும் எஃகு வடங்கள் இரு பக்கச் சுவர்களையும் ஒட்டி ஓடுகின்றன. துருப்பிடிக்காத எஃகுதானே, காந்தம் அதை ஒன்றும் செய்யாது என்று நம்புகிறவர் ஒரு சிறு காந்தத்தை அவ்வடத்தருகே கொண்டுபோய்ப் பார்க்கட்டும். குளிர்நிலையில் இழுத்து மெலிந்த எஃகிழை ஓரளவு காந்தக் குணம் பெற்றிருக்கும். விபத்துக் காலத்தில் சமிக்ஞை அனுப்பும் பெட்டி, வால்சக்கரமுள்ள விமானமாயின் அதன் எஃகு வில், சிலவற்றில் மின்விளக்குகளின் மின்னழுத்தப் பெட்டி, இவையும் அங்கே உண்டு. நால்வர் அமரும் ஆர்.வி.-10-இல் பாட்டரியே வால்பகுதியில்தான் இருக்கிறது. அதிலிருந்து எஞ்சின்வரை தடித்த கம்பி ஓடுகிறது. எஞ்சினைச் சுழற்றித் தொடங்கும் பெருமின்னோட்டம் சில நொடியில் முடிந்துவிடுவதால் அதைப் பற்றிக் கவலையில்லை. ஆனால் தொடங்கிய பிறகு சில நிமிஷங்கள் ஆல்டர்னேட்டர் இழந்த சக்தியை அதே கம்பி வழியாகப் பாட்டரிக்குத் திருப்பித் தருகிறது. ஓடுபாதையை நோக்கி உருண்டு செல்லும்போது பிழையாகக் காட்டிய திசை, பறக்கத் தொடங்கிக் கால் மணியில் தானே திருந்திவிட்டால், அந்த விமானத்தில் இதுவே காரணம் என்று பெரும்பாலும் துணிந்து சொல்லலாம்.

இவற்றையெல்லாம் மீறியும், சர்வோவிலிருந்தும் வடங்களிலிருந்தும் தக்க அளவு விலகி, கூம்பின் நடுக்கோட்டில் மேல்புறத்தை ஒட்டி ஓர் அலுமினியத் தட்டு அமைத்து அதன்மேல் வைத்தால், வால்கூம்பு நன்றாகவே பணிபுரியும். சுக்கான் வடங்கள் இரண்டுக்கும் சம தூரத்தில் நிற்பதில் ஒரு சிறு லாபமும் உண்டு; ஒன்று முன்னே போகும்போது மற்றொன்று பின்னே வருவதால் அவற்றின் சலனம் ஓரளவு தம்முள் ஈடுசெய்துகொள்ளும்.

இறக்கை நுனியையே நான் பொதுவாக விரும்புகிறேன். பழைய காலத்தில் வழிகாட்டுக் கருவிகளுக்கான காந்த உணரிகளை விமானம் செய்தவர்கள் இறக்கையின் வெளிப்பகுதியில் வைத்துவந்ததும் காரணமில்லாமல் இல்லை. எஞ்சின், கால்கள், பாட்டரி, விமானியின் சட்டைப்பையில் இருக்கும் கைபேசி, மடியில் வைக்கும் பலகைக் கணினியின் உறையிலுள்ள காந்தம், எல்லாமே மூன்று நான்கு மீட்டருக்கு அப்பால் போய்விடுகின்றன. எனினும் இங்கேயும் அண்டை வீட்டார் உண்டு. அவர்கள் எண்ணிக்கையில் குறைவானாலும் சலிப்பவர்கள். ஆர்.வி. இறக்கையில் எய்லரானை இயக்கும் கடைசித் தள்ளுகோல் எஃகுக் குழாய். எய்லரானின் முன்விளிம்புக்குள் எதிர்பாரமாக இருப்பதும் எஃகுக் குழாயே. விமானி தண்டை அசைக்குந்தோறும் இவை அசையும். அசையும்போதெல்லாம் திசையும் மெல்ல அசையும். தானியங்கி ஓட்டியின் மற்றொரு சர்வோ ஒரு பக்க இறக்கையில் தள்ளுகோலின் அருகே இருக்கக்கூடும். பிட்டோவும் அதன் சூட்டுக்கம்பியும் பெரும்பாலும் இடப்பக்க இறக்கையில் இருக்கும். ஆகையால் காந்தமானியைப் பின்பக்கம் எய்லரானை நோக்கி வைக்காமல், நுனி விலா எலும்பின் முன்பகுதியில், முன்விளிம்பை ஒட்டி, பிட்டோவைத் தாண்டி வெளிப்புறத்தில் வைத்தால் இந்த மூவரிடமிருந்தும் ஒருசேர விலகலாம். அங்கே மிஞ்சும் ஒரே பகைவன் நுனி விளக்கின் கம்பி. அதற்குப் பரிகாரம் எளிது, கீழே சொல்கிறேன்.

குரோம்-மாலிப்டினம் எஃகுக் குழாய்களைப் பற்றவைத்துச் செய்த உடலுள்ள விமானங்களில், உடலுக்குள் இடம் தேடுவதே வீண். பற்றவைக்கும் மின்னோட்டமும், வெடிப்பைக் கண்டறிய நடத்தும் காந்தத் துகள் சோதனையும் குழாய்களில் காந்தத்தைப் படியவைத்திருக்கக்கூடும். மாறுமின்னோட்டம் பாயும் சுருளை மெல்ல அருகே கொண்டுவந்து மெல்ல விலக்கி அதைக் கலைக்கலாமென்றாலும், மீண்டும் படியாது என்பதற்கு உத்தரவாதமில்லை. அவர்களுக்கு இறக்கையே கதி. அங்கும் உட்புறம் குறுக்கே கட்டியுள்ள எஃகுக் கம்பிகளைக் கவனித்துக்கொள்ள வேண்டும். கண்ணாடியிழை விமானங்களைக் கட்டுவோர் பாக்கியசாலிகள். உலோகத் தோல் இல்லாததால் மின்சாரம் திரும்பி வரத் தனிக் கம்பி போட்டே தீர வேண்டியிருக்கிறது, அது தானாகவே நன்மையாக முடிகிறது.

இடத்தைக் காகிதத்தில் தேர்ந்த பிறகு, ஒரு துளையும் போடுவதற்கு முன்னால் அதைப் பரீட்சித்தே ஆக வேண்டும். விலைமலிந்த கைத்திசைகாட்டி ஒன்றே போதும். மைக்ரோடெஸ்லாவில் அளவு காட்டும் செயலியுள்ள கைபேசி இன்னும் நல்லது. முதலில், கட்டிடத்திலிருந்தும் இரும்புக் கம்பி பாவிய கான்கிரீட் தரையிலிருந்தும் விலகி விமானத்தை வெளியே தள்ளிக்கொண்டு போங்கள். கொட்டகைக்குள் நடத்தும் பரீட்சையில் நீங்கள் கொட்டகையைத்தான் அளக்கிறீர்கள். திசைகாட்டியைக் குறித்த இடத்தில் வைத்து, அங்கிருந்து எல்லாப் பக்கமும் ஒரு சாண் தூரம் மெல்ல நகர்த்திப் பாருங்கள். முள் நகராவிட்டால் அங்கே புலம் சீரானது. ஒரு சாணுக்குள் முள் பல பாகை திரும்பினால் கண்ணுக்குத் தெரியாத இரும்பு அருகே இருக்கிறது, அதைத் தேடிக் கண்டுபிடியுங்கள். பிறகு ஒருவரை ஆசனத்தில் அமர்த்தி, தண்டையும் மிதிகளையும் எல்லைக்கு எல்லை ஆட்டச் சொல்லுங்கள். ஃபிளாப்புகளை இறக்கி ஏற்றச் சொல்லுங்கள். சர்வோக்களை இயக்கி, விளக்குகளையும் பிட்டோச் சூட்டையும் ஒவ்வொன்றாக முடுக்கி அணைக்கச் சொல்லுங்கள். முள்ளின்மேல் மட்டும் கண் வைத்திருங்கள்.

இப்பரீட்சையில் பலரும் தவறவிடும் நுட்பம் ஒன்று உண்டு. இறக்கையின் நீளவாட்டில் ஓடும் கம்பிக்கு நேர் கீழே காந்தமானி இருந்தால், அக்கம்பியின் புலம் விமானத்தின் மூக்கிலிருந்து வால் நோக்கியோ, வாலிலிருந்து மூக்கு நோக்கியோ அமையும். விமானம் அப்போது வடக்கு நோக்கி நின்றால் அந்தப் புலம் பூமியின் கிடைக்கூறோடு ஒரே கோட்டில் விழுந்து, அதைக் கூட்டவோ குறைக்கவோ செய்யுமேயன்றி முள்ளைத் திருப்பாது. நீங்களும் இடம் தேறிவிட்டது என்று மகிழ்ந்து திருகாணியை முடுக்கிவிடுவீர்கள்; விமானம் கிழக்கு நோக்கிப் பறக்கும்போது அதே கம்பி தன் முழு வலிமையையும் காட்டும். ஆகையால் வடக்கு நோக்கி ஒருமுறையும் கிழக்கு நோக்கி ஒருமுறையும் விமானத்தை நிறுத்தி, எல்லாவற்றையும் இருமுறை சோதிக்க வேண்டும். ஒரு பாகைக்கு மேல் முள்ளை நகர்த்தும் எதையும் நான் ஏற்பதில்லை. இரண்டு பாகைவரை சகித்துக்கொள்வோர் உண்டு. பழைய அமெரிக்க விதிகள் ஈடுசெய்யப்பட்ட திசைகாட்டிக்கு எந்தத் திசையிலும் 10 பாகைவரை பிழையை அனுமதித்தன என்பதைச் சிலர் எடுத்துக்காட்டுவார்கள். அது கண்ணால் பார்த்து ஓட்டிய காலத்துத் திரவத் திசைகாட்டிக்குரிய எல்லை, தானியங்கி ஓட்டிக்குக் கட்டளையிடும் சாதனத்துக்கு அதை உரைகல்லாகக் கொள்வது பொருந்தாது.

கம்பிகளைப் பற்றிச் சொல்வதாகச் சொன்னேன். விளக்குக்குப் போகும் மின்சாரத்தை ஒரு கம்பியால் அனுப்பி, விமானத்தின் உலோக உடல் வழியாகத் திரும்பவிடுவது எடையைக் குறைக்கும் பழைய வழக்கம். காந்தமானி இருக்கும் இறக்கையில் அது ஆகாது. போவதற்கு ஒன்று, வருவதற்கு ஒன்று என இரு கம்பிகளை இழுத்து, இரண்டையும் நெருக்கமாக முறுக்கிவிட்டால், எதிரெதிர்த் திசையில் ஓடும் சமமான மின்னோட்டங்கள் ஒன்றின் புலத்தை ஒன்று அழித்துக்கொள்ளும். பின்னல் கவசமிட்ட கம்பி வாங்கியாயிற்று, இனி முறுக்க வேண்டாம் என்று எண்ணுவது தவறு: செம்புப் பின்னல் வானொலி இரைச்சலைத் தடுக்கும், நேர்மின்னோட்டத்தின் காந்தப் புலத்தைத் தடுக்காது. காந்தமானியை இரும்புப் பெட்டிக்குள் மூடிவிடலாமே என்று கேட்போருக்கு, பூமியின் புலமும் உள்ளே வர வேண்டாமா என்று திருப்பிக் கேட்பதே விடை.

பொருத்தும் திருகாணிகளைப் பற்றி எவ்வளவு எச்சரித்தாலும் தகும். விமான வேலையில் கைக்கு வந்து சேரும் போல்ட்டும், நட்டும், தகட்டோடு ரிவெட் செய்யும் நிலைநட்டும் காட்மியம் பூசிய எஃகு; காந்தமானியின் காதருகே அவை இருக்கலாகாது. பித்தளைத் திருகாணிகள், அலுமினிய ரிவெட்டுகள், நைலான் ஆகியவற்றையே கொள்ளுங்கள். இணைப்பானின் ஓடும் அதன் பக்கத் திருகுகளும்கூட எஃகாக இருப்பதுண்டு. ஒவ்வொன்றையும் மேசையில் வைத்தே ஒரு காந்தத்தால் தொட்டுப் பார்த்து, ஒட்டாதவற்றை மட்டும் எடுத்துச் செல்லுங்கள். அந்தக் காந்தத்தையும், நுனியில் காந்தமேற்றிய திருப்புளியையும் விமானத்தருகே கொண்டுபோக வேண்டாம்.

சாய்வு என்பது மற்றொரு பெரிய விஷயம். காந்தமானியின் அச்சுகள் ஜைரோப் பெட்டியின் அச்சுகளோடு ஒத்திருக்க வேண்டும். ஏனெனில் புலத்தின் எந்தப் பங்கு கிடையானது, எந்தப் பங்கு செங்குத்தானது என்பதை ஜைரோ சொல்லும் அடிவானத்தைக் கொண்டே கணினி பிரிக்கிறது. ஆரிகனைப் போல் 67 பாகை சரிவுள்ள நாட்டில், காந்தமானி பக்கவாட்டில் ஒரு பாகை சாய்ந்திருந்தால் திசை இரண்டு பாகைக்கும் மேல் பிழைபடக்கூடும். ஆர்.வி. விமானங்களின் இறக்கைகள் நுனியை நோக்கி ஏறத்தாழ 3½ பாகை மேலெழும்பியிருக்கின்றன. அந்தச் சாய்வைக் கவனியாமல் இறக்கைக்கு இணையாகத் தட்டை அமைத்தவர் எட்டுப் பாகைவரை பிழையைத் தாமே சம்பாதித்துக்கொண்டவர் ஆவார். ஆகவே விமானத்தை அதன் சமமட்டத்தில் தாங்கி நிறுத்தி, தட்டின் கீழ் ஆப்பு வைத்துச் சரிசெய்ய வேண்டும். சில சாதனங்கள் சாய்வை எண்ணாக உள்ளிட அனுமதிக்கின்றன, ஆயினும் ஆப்பை மறந்துவிட முடியாது, எண்ணை மறந்துவிடலாம். தட்டு கனமான தகட்டால், அதிராதபடி இறுகியிருக்கட்டும். இறக்கையின் வடிகால் துளைக்கு மேலே, மழைநீர் தேங்காத உயரத்தில் இருக்கட்டும்.

சமன்செய்யும் சுற்று கடைசியில் வருவது. விமான நிலையங்கள் சிலவற்றில் தரையில் திசைவட்டம் வரைந்திருப்பார்கள். இல்லாவிட்டால், அடியில் இரும்பும் குழாயும் ஓடாத, கொட்டகைகளுக்குத் தொலைவான தளத்தைத் தேடிக்கொள்ளுங்கள். மேற்கூரையை மூடி, எஞ்சினை ஓடவிட்டு, பறக்கும்போது வழக்கமாக எரியும் விளக்குகளை எரியவிட்டு, கையேட்டின் கிரமப்படி விமானத்தைச் சுற்றுங்கள். சாதனம் தேறியதாகச் சொன்னாலும் அதோடு விட்டுவிடாமல், முப்பது பாகைக்கு ஒன்றாகப் பன்னிரண்டு திசைகளிலும் நிறுத்திப் பிழைகளை ஒரு தாளில் எழுதி விமானத்தின் ஏட்டில் ஒட்டிவையுங்கள். இறக்கை நுனியில் புதிய விளக்கு மாற்றினாலும், சர்வோ மாற்றினாலும், அருகே மின்னல் தாக்கினாலும், உடலில் பற்றவைப்பு வேலை நடந்தாலும் அந்தத் தாளோடு மீண்டும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஸ்கோர்ஸ்பி கப்பல்களைப் பற்றிச் சொன்னது எஃகுள்ள எந்த ஊர்திக்கும் பொருந்தும்.

இவ்வளவு பரீட்சைகளுக்கும் பிறகு இரண்டு இடங்கள் சமமாகத் தேறினால், கைபோகும் திறப்பு எந்த இடத்தருகே இருக்கிறதோ அதையே தேர்ந்துகொள்ளுங்கள். இரண்டிலும் திறப்பு இல்லையெனில், தோலை ரிவெட் செய்வதற்கு முன்பே ஒன்று வெட்டிவைத்து, அதன் மூடியைப் பித்தளைத் திருகாணிகளால் பொருத்துங்கள்.